செம்மேட்டுக்கு ஏற வேண்டிய ஒரு ரத்தப் பரிசோதனை

கொல்லிமலையில் செம்மேடு தாண்டி அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் போகிறவர்கள் முடவாட்டுக்கால் சூப் கடையைப் பார்க்காமல் போக முடியாது. பாறையிலும் மரத்திலும் தொற்றி வளரும் ஒரு பெரணியின் கிழங்கு அது. ஆட்டுக்கால் போல நீண்டு, மேலே பழுப்பு ரோமம் மூடியிருக்கும். ரோமத்தைக் கத்தியால் சுரண்டி, தோலைச் சீவி, துண்டு துண்டாக நறுக்கி, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டுக் கொதிக்க விடுகிறார்கள். மலைக் குளிருக்கு ஒரு டம்ளர் குடித்தால் இதமாகவே இருக்கிறது. மூட்டுவலிக்கு நல்லது என்பது அதன் பழைய பெயர். கரோனா காலத்துக்குப் பிறகு ‘நோய் எதிர்ப்புச் சக்தி’ என்ற பெயரும் சேர்ந்துகொண்டது.

அதே எதிர்ப்புச் சக்தியை நகரத்து ஆய்வகங்கள் ரத்தத்தில் அளந்து தருவதாகச் சொல்கின்றன. வைட்டமின் டி, துத்தநாகம், சிஆர்பி, இன்னும் நாலைந்து பரிசோதனைகளை ஒன்றாகக் கட்டி ‘இம்யூனிட்டி பேக்கேஜ்’ என்று பெயர் வைத்து, இரண்டாயிரம் மூவாயிரம் என்று வாங்குகிறார்கள். அவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மருத்துவப் பயன் உண்டு. ஆனால், எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து ‘உங்கள் எதிர்ப்புச் சக்தி இவ்வளவு’ என்று சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. நம் உடலின் எதிர்ப்பு மண்டலம் ஒரே உறுப்பு அல்ல. எலும்பு மஜ்ஜை, மண்ணீரல், நிணநீர்க் கணுக்கள், குடலின் உட்சுவர், தோல் எல்லாம் சேர்ந்தது அது. ரத்தத்தில் ஓடுவது அதில் சிறு பகுதி. அதை ஒற்றை எண்ணில் அடக்கிக் காட்டும் பரிசோதனை இன்றுவரை இல்லை.

ஒரே ஒரு நோயில் மட்டும், ஒரே ஒரு எண், எதிர்ப்பு மண்டலம் எவ்வளவு அழிந்திருக்கிறது என்பதைத் பெருமளவு சொல்லும். நோய் எச்ஐவி, எண் சிடி4. கொல்லிமலை இருக்கும் நாமக்கல் மாவட்டத்துக்கு அந்த எண் புதிதல்ல. எச்ஐவிக்கான கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தின் வாசலில் காத்திருப்பவர்கள் பேச்சில் அது வெறும் ‘கவுண்ட்’. “கவுண்ட் ஏறிடுச்சா?” என்று கேட்டால் அதற்குள் எல்லா நலம் விசாரிப்பும் அடங்கிவிடும். அந்த எண்ணைச் சரியாகப் புரிந்துகொள்வது எப்படி என்பதும், அது இன்று யாருக்கு எட்டாமல் இருக்கிறது என்பதும்தான் இங்கே பேச வேண்டியவை.

ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் நிணநீர் அணுக்கள் ஒரு வகை. அவற்றில் ‘டி’ அணுக்கள் ஒரு பிரிவு. அந்த ‘டி’ அணுக்களிலும் மேற்பரப்பில் சிடி4 என்ற புரதத்தைத் தாங்கியவை உதவி அணுக்கள். கட்டட வேலையில் மேஸ்திரி இருப்பதுபோல அவை இருக்கின்றன. மேஸ்திரி கல் சுமப்பதில்லை. அவர் வராத நாளில் எந்தக் கல்லும் எங்கும் போய்ச் சேராது. எதிர்ப்புப் புரதம் சுரக்கும் அணுக்களுக்கும், கிருமி புகுந்த அணுக்களைக் கொல்லும் அணுக்களுக்கும், கிருமியை விழுங்கும் அணுக்களுக்கும் உத்தரவு உதவி அணுக்களிடமிருந்துதான் போகிறது. எச்ஐவி பற்றிக்கொள்வது இதே சிடி4 புரதத்தைத்தான். 1984-ல் இது தெரியவந்தபோது, இந்த நோய் ஏன் இத்தனை நோய்களாக வெளிப்படுகிறது என்பதற்கு விடை கிடைத்தது.

உண்மையில் அணுக்களின் குறைவு முதலில் தெரிந்தது. வைரஸ் பிறகுதான் தெரிந்தது. 1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கையில் லாஸ் ஏஞ்சலீஸைச் சேர்ந்த ஐந்து இளைஞர்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வந்தது. சாதாரணமாக யாருக்கும் வராத ஒருவகை நுரையீரல் காய்ச்சல் அவர்களுக்கு வந்திருந்தது. மைக்கேல் காட்லீப் என்ற இளம் மருத்துவர், அப்போதுதான் கைக்கு வந்திருந்த ஒரு புதிய முறையால் அவர்களின் ரத்தத்தைச் சோதித்தார். உதவி அணுக்கள் ஏறக்குறைய இல்லை. அந்தப் புதிய முறைக்கு அடிப்படை, 1975-ல் கோலரும் மில்ஸ்டீனும் கண்டுபிடித்த ஒற்றை வகை எதிர்ப்புப் புரதம். குறிப்பிட்ட ஓர் அணுவை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் புரதத்தை வேண்டிய அளவு தயாரிக்க அது வழிசெய்தது. 1984-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இன்றும் பரிசோதனையின் அடிப்படை அதுதான். கையிலிருந்து சில மில்லி ரத்தம் எடுத்து, உறையாமலிருக்க மருந்து பூசிய ஊதா மூடிக் குழாயில் விடுகிறார்கள். குழாயைக் குலுக்கக் கூடாது. மெதுவாகத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிக் கலக்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. வெயிலிலும் விடக் கூடாது. அணுக்கள் உயிரோடு இருக்கும்போதே எண்ணியாக வேண்டும் என்பதால், குறித்த நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். அங்கே ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்புப் புரதத்தை ரத்தத்தோடு சேர்க்கிறார்கள். அது சிடி4 அணுக்களில் ஒட்டிக்கொள்கிறது. கருவிக்குள் அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக லேசர் ஒளியைக் கடக்கின்றன. ஒளிர்ந்தவற்றைக் கருவி எண்ணிவிடுகிறது. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் எத்தனை என்பதே சீட்டில் வரும் எண்.

நோயற்ற பெரியவர்களுக்கு இது பொதுவாக 500 முதல் 1500 வரை இருக்கும். சிகிச்சை எடுக்காத எச்ஐவி தொற்றாளருக்கு ஆண்டுக்குச் சுமார் 50 முதல் 100 வரை குறைந்துகொண்டே போகும். பல ஆண்டுகள் வெளியில் ஒன்றும் தெரியாது. 200-க்குக் கீழே இறங்கினால் நிலைமை மாறிவிடுகிறது. காட்லீப் பார்த்த அந்த நுரையீரல் நோய் இந்தக் கட்டத்தில் வருவது. 100-க்குக் கீழே போனால் மூளையைத் தாக்கும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையும் டாக்சோபிளாஸ்மாவும் தலைகாட்டும். 50-க்குக் கீழே கண்ணின் விழித்திரையை அழிக்கும் வைரஸ் வருகிறது. காசநோய்க்கு மட்டும் இப்படிக் கணக்குக் கிடையாது. எந்த எண்ணிலும் அது வரும். எண் குறையக் குறைய, நுரையீரலை விட்டு உடம்பெங்கும் பரவி, சளிப் பரிசோதனைக்கு அகப்படாத வடிவில் வரும்.

சீட்டைக் கையில் வாங்கியவர் தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்புள்ள இடங்கள் பல. சென்ற முறை 420, இந்த முறை 360 என்றால் பலர் நொறுங்கிப் போகிறார்கள். மாத்திரை வேலை செய்யவில்லை என்று தாங்களே முடிவுசெய்து நிறுத்திவிடுபவர்களும் உண்டு. ஆனால், இந்த அளவு ஏற்ற இறக்கம் நோயே இல்லாதவரிடமும் உண்டு. பகலைவிட இரவில் எண்ணிக்கை கூடுதலாக இருக்கும். ஒரு காய்ச்சல் போதும், எண் இறங்கிவிடும். கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுவதால் எண் குறைந்து தெரியும். ஸ்டீராய்டு மருந்து குறைக்கும். மண்ணீரல் அகற்றப்பட்டவருக்கு எண் கூடுதலாக வந்து ஏமாற்றும். அதனால்தான் மருத்துவர்கள் தனி எண்ணை மட்டும் பார்க்காமல், மொத்த நிணநீர் அணுக்களில் சிடி4 எத்தனை சதவீதம் என்றும் பார்க்கிறார்கள். அந்த விகிதம் சட்டென்று ஆடாது. ஐந்து வயதுக்குக் கீழான குழந்தைகளுக்கு இயல்பிலேயே எண்ணிக்கை மிக அதிகம் என்பதால், அவர்களுக்குச் சதவீதமே சரியான அளவுகோல். ஒரே ஒரு சீட்டை வைத்துப் பயப்படவும் கூடாது, நிம்மதி அடையவும் கூடாது. ஒரே ஆய்வகத்தில், ஏறக்குறைய ஒரே வேளையில் எடுத்த மூன்று நான்கு சீட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் போக்கு தெரியும்.

சிடி4 குறைந்திருப்பதாலேயே எச்ஐவி என்றும் ஆகிவிடாது. தீவிரக் காசநோயிலும், கடும் ஊட்டச்சத்துக் குறைவிலும், சில புற்றுநோய்ச் சிகிச்சைகளின்போதும் அது குறையும். எச்ஐவி உண்டா இல்லையா என்பதைச் சொல்ல வேண்டியது எச்ஐவி பரிசோதனை மட்டுமே. நம் மாநிலத்தில் நம்பிக்கை மையங்களில் அது இலவசம்.

இந்த எண்ணோடு தமிழ்நாட்டுக்கு நீண்ட உறவு உண்டு. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும், அவரிடம் ஆய்வு மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலாவும் சேர்ந்துதான் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குப் போய்ச் சோதிக்கப்பட்டன. 1994-ல் மாநில அளவில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தை நாட்டிலேயே முதலில் அமைத்ததும் தமிழகம். அந்த ஆண்டுகளில் நாமக்கல்லின் பெயர் அடிக்கடி அடிபட்டது. லாரியும் ரிக் வண்டியும் நாடு முழுக்க ஓடும் மாவட்டம் இது. மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்த ஆண்களும், அவர்கள் வழியாக எதுவும் அறியாமலேயே தொற்றுக்கு ஆளான மனைவிகளும் இங்கே ஏராளம். அப்படிப்பட்ட ஒரு பெண்தான் நாமக்கல் மண்ணின் பி. கௌசல்யா. லாரி ஓட்டும் உறவினருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டு, திருமணமான வேகத்திலேயே தொற்றை அறிந்து, பின்னர் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் பேசிய முதல் பெண்களில் ஒருவரானார். 1998-ல் எச்ஐவியோடு வாழும் பெண்களுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

அன்று கூட்டு மருந்து பணம் உள்ளவர்களுக்கு மட்டுமே எட்டியது. தாம்பரம் சானடோரியம் மருத்துவமனையில் மருத்துவர் செ.நெ. தெய்வநாயகம் காலத்தில், ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம் மூன்றையும் சேர்த்துக் கொடுத்த சித்த மருத்துவத்தைத்தான் ஏழை நோயாளிகள் நம்பியிருந்தார்கள். வேறு கதி இல்லாத காலத்தில் அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தாமல் படுக்கை கொடுத்துப் பார்த்துக்கொண்டதற்காக அந்த மருத்துவமனைக்கு இந்த மாநிலம் கடன்பட்டிருக்கிறது. 2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்தைத் தொடங்கியது. தொடக்கத்திலேயே அது வந்துசேர்ந்த இடங்களில் தாம்பரமும் ஒன்று. ஆனால், மருந்து எல்லாருக்கும் இல்லை. சிடி4 எண் 200-க்குக் கீழே இறங்கினால்தான் கிடைக்கும். நோயாளி தன் கவுண்ட் இறங்கட்டும் என்று காத்திருந்த கொடுமையான காலம் அது. வரம்பு பின்னர் 350 ஆனது, 500 ஆனது.

எண்ணை நம்பி மருந்தை நிறுத்தி நிறுத்திக் கொடுத்தால் என்ன என்று உலக அளவில் ஒரு சோதனையும் நடந்தது. 5,472 பேர் அதில் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினர் தொடர்ந்து மருந்து எடுத்தார்கள். இன்னொரு பிரிவினர் சிடி4 எண் 250-க்கு இறங்கும்வரை மருந்தை நிறுத்திவைத்தார்கள். 2006-ல் முடிவு வெளிவந்தபோது, நிறுத்தியவர்களிடையே மரணமும், எதிர்ப்பு குறைந்த உடலைத் தாக்கும் சந்தர்ப்பவாதத் தொற்றுகளும் சேர்ந்து இரண்டு மடங்குக்கும் மேல். இதயம், சிறுநீரகம், கல்லீரல் கோளாறுகளும் அவர்களுக்கே அதிகம். எண் நன்றாக இருக்கிறது என்பதால் வைரஸ் சும்மா இருப்பதில்லை என்று அது காட்டியது. 2015-ல் 4,685 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வு, 500-க்கு மேல் இருக்கும்போதே மருந்து தொடங்குவது நல்லது என்று உறுதிசெய்தது. 2017-ல் இந்தியா வரம்பை நீக்கியது. இன்று தொற்று உறுதியான யாருக்கும், எண் என்னவாக இருந்தாலும், உடனே மாத்திரை. 2018-ல் ரத்தத்தில் வைரஸின் அளவைக் காட்டும் ‘வைரல் லோடு’ பரிசோதனையும் இலவசமானது. மருந்து வேலை செய்கிறதா என்பதை அறிய சிடி4-ஐவிட அதுவே நல்ல வழி. மாத்திரையைத் தவறாமல் எடுத்து, சிடி4 நல்ல அளவில் நிலைத்து, வைரல் லோடும் அடங்கியவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கவுண்ட் எடுக்க வேண்டிய தேவை இல்லை.

இவ்வளவும் சரியான முடிவுகள். கோளாறு அதற்கு அடுத்த படியில் நடந்தது. மருந்து தொடங்க சிடி4 தேவையில்லை என்பது, சிடி4 தேவையே இல்லை என்பதாக உலகம் முழுக்கப் பொருள்கொள்ளப்பட்டது. கருவி வாங்குவோர் குறைந்தார்கள், சில பழைய கருவிகளின் தயாரிப்பே நின்றுவிட்டது. ஆனால், முற்றிய நிலையில் வந்து சேரும் நோயாளிகள் குறைந்துவிடவில்லை. 2017-லேயே உலக சுகாதார நிறுவனம் இதற்கென்று தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. சிடி4 எண் 200-க்குக் கீழே இருப்பவர், எண் எதுவானாலும் கடுமையான அறிகுறிகளோடு வருபவர், ஐந்து வயதுக்குட்பட்ட எச்ஐவி குழந்தைகள் ஆகியோரை முற்றிய நோயாளிகளாகக் கொண்டு, மருந்தோடு வேறு சில பரிசோதனைகளையும் தடுப்பு மாத்திரைகளையும் சேர்த்தே தர வேண்டும் என்றது.

அதற்கு வலுவான காரணம் இருக்கிறது. ஒருவருக்கு எண் 60 என்று வைத்துக்கொள்வோம். அவர் நடந்துதான் வருகிறார். கொஞ்சம் மெலிந்திருக்கிறார், இரண்டு வாரமாகத் தலைவலி என்கிறார். அன்றே கூட்டு மருந்தைக் கொடுத்து அனுப்பினால் என்ன ஆகும்? அவருடைய தலைவலிக்குக் காரணம் கிரிப்டோகாக்கஸாக இருந்தால், எதிர்ப்பு மண்டலம் திடீரென்று விழித்துக்கொண்டு மூளைக்குள்ளேயே போர் தொடுக்கும். மூளைக்காய்ச்சல் உறுதியானால், முதலில் பூஞ்சைக்கு மருந்து கொடுத்து, நான்கு முதல் ஆறு வாரம் கழித்துத்தான் கூட்டு மருந்தைத் தொடங்க வேண்டும். அந்தப் பூஞ்சையின் தடயம் மூளைக்காய்ச்சலுக்கு ஏறக்குறைய மூன்று வாரம் முன்பே ரத்தத்தில் தெரியும். விரல் நுனி ரத்தத்தில் பத்து நிமிடத்தில் அதைக் காட்டும் பரிசோதனைப் பட்டை இருக்கிறது. யாருக்கு அந்தப் பட்டையை வைத்துப் பார்ப்பது? கவுண்ட் தெரிந்தால்தான் அது தெரியும். அறிகுறிகளை மட்டும் நம்பினால் முற்றிய நோயாளிகளில் பலர் நழுவிவிடுகிறார்கள். 200-க்குக் கீழே இருந்தும் நன்றாக நடமாடுபவர்கள் நிறையப் பேர்.

கொல்லிமலையில் இது ஏன் இன்னும் கூர்மையான பிரச்சினை என்பது மலையேறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ‘நாடு’ என்று அழைக்கப்படும் பிரிவுகளாகச் சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளிலிருந்து செம்மேடு வருவதற்கே நடையும் நேரமும் வேண்டும். சிடி4 எண்ணும் கருவிகள் ஏ.ஆர்.டி. மையங்களோடு இணைந்த ஆய்வகங்களில் இருக்கின்றன. மலைக்காரருக்கு அது நாமக்கல். போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். முடிவு வாங்க இன்னொரு நாள் என்றால் இரண்டு நாள் கூலி. மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களில் உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் நாட்டு வைத்தியரிடம் போவதும், சாமி கேட்பதும் இயல்பு. இரண்டும் பலிக்காமல் கடைசியில் மலையிறங்கும்போது நோய் எங்கே நிற்கும் என்பதை ஊகிக்கலாம். மலைக்கு நோய் புதிதாக வர வேண்டியதும் இல்லை. வேலை தேடி இளைஞர்கள் கீழே இறங்குகிறார்கள், திரும்பி வருகிறார்கள்; சமவெளிக்கு உள்ள ஆபத்து எல்லாம் அவர்களுக்கும் உண்டு.

என் கருத்து இதுதான்: செம்மேடு அரசு மருத்துவமனையிலேயே சிடி4 பார்க்க வழிசெய்ய வேண்டும். அதற்கு லேசர் கருவி தேவையில்லை. 200-க்கு மேலா, கீழா என்பதை மட்டும் சொல்லும் பட்டைப் பரிசோதனை ஒன்றை உலக சுகாதார நிறுவனம் 2020-ல் தகுதிச் சோதனை செய்து ஏற்றது. மின்சாரம் வேண்டாம். விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தம் போதும். 40 நிமிடத்தில் முடிவு. பட்டையில் ஒரு கோட்டின் அழுத்தத்தை இன்னொரு கோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்குப் பயிற்சி வேண்டும், நல்ல வெளிச்சம் வேண்டும், மணி பார்த்துச் செய்யும் பொறுமை வேண்டும். 200-க்குச் சற்று மேலே இருப்பவரையும் சில நேரம் கீழே என்று காட்டிவிடும் குறை அதற்கு உண்டு. அந்தப் பிழையால் ஒருவருக்குக் கூடுதலாக ஒரு பரிசோதனை நடக்கும், அவ்வளவுதான். எண்ணே பார்க்காமல் அனுப்புவதால் ஏற்படும் பிழையில் உயிரே போகும்.

பட்டை கீழே என்று காட்டினால், அதே மேசையில் கிரிப்டோகாக்கஸ் பட்டை. சிறுநீரில் காசநோய்க் கிருமியின் எச்சத்தைக் காட்டும் பட்டை, அதற்கு 25 நிமிடம். மற்றத் தொற்றுகளைத் தடுக்கும் கோட்ரைமாக்சசோல் மாத்திரை அன்றே. காசநோய் இல்லை என்றால் அதற்கான தடுப்பு மருந்து. நோயாளி மலையிறங்க வேண்டுமா, எவ்வளவு அவசரமாக இறங்க வேண்டும் என்பது ஒரே காலையில் தெரிந்துவிடும். ஆம்புலன்ஸில் போக வேண்டியவரும் அடுத்த வாரம் பேருந்தில் போகலாம் என்பவரும் இன்று ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

வீட்டுக்கு அனுப்பிய பிறகு என்ன என்பதற்கும் நல்ல சான்று உண்டு. தான்சானியாவிலும் ஜாம்பியாவிலும் சிடி4 எண் 200-க்குக் கீழே இருந்த ஏறக்குறைய 2,000 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. பூஞ்சைப் பரிசோதனையோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர் ஒருவர் முதல் நான்கு வாரம் வீட்டுக்கே போய் மாத்திரையும் உடல்நிலையும் விசாரித்தார். மருத்துவர் போகவில்லை, செவிலியரும் போகவில்லை. 2015-ல் வெளியான முடிவின்படி, இந்த ஏற்பாட்டால் இறப்பு 28 சதவீதம் குறைந்தது. தமிழ்நாட்டில் இதற்குப் புதிதாக ஆள் தேட வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள்.

இங்கே ஒரு தடையை மறைக்காமல் பேச வேண்டும். மலையில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். யார் வீட்டுக்கு யார் போகிறார் என்பது சாயங்காலத்துக்குள் அடுத்த ஊருக்குத் தெரிந்துவிடும். 2017-ல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், ஒருவரின் தொற்று நிலையை அவர் ஒப்புதல் இல்லாமல் வெளியிடுவதைத் தடைசெய்கிறது. சட்டம் இருப்பதால் மட்டும் வாய்கள் மூடிக்கொள்வதில்லை. அதனால், தன்னார்வலர் வீட்டுக்கு வரலாமா, செம்மேடு சந்தை நாளில் வேறு வேலையாக வந்ததுபோல் வந்து மாத்திரை வாங்கிக்கொள்வாரா, போனில் பேசினால் போதுமா என்பதை நோயாளியே முடிவுசெய்யட்டும். எல்லாருக்கும் ஒரே முறை என்று சுற்றறிக்கை போட்டால், பயந்து ஒதுங்குபவர்கள் கூடுவார்கள். சர்க்கரை மாத்திரையும் இந்த மாத்திரையும் ஒரே பையில், ஒரே மாதிரி உறையில் போனால் பாதிப் பிரச்சினை தீரும்.

நாட்டு வைத்தியர்களைப் பகைத்துக்கொண்டும் இது நடக்காது. மலையின் மூலிகை அறிவு மேலானது. அதை மதிக்கிறவன் நான். அவர்களிடம் கேட்க வேண்டியது இரண்டே விஷயங்கள். மெலிந்துகொண்டே போகிறவரை, விடாத பேதியும் விட்டு விட்டுக் காய்ச்சலும் உள்ளவரை, வாயில் வெள்ளைப் படை படிந்தவரைச் செம்மேட்டுக்கு அனுப்பிவையுங்கள். கூட்டு மருந்து எடுப்பவரிடம் அதை நிறுத்தச் சொல்லாதீர்கள். எய்ட்ஸைக் குணப்படுத்துவதாகவோ தடுப்பதாகவோ எந்த மருந்துக்கும் உரிமை கொண்டாடக் கூடாது என்று மருந்துச் சட்ட விதிகளின் ‘ஜே’ அட்டவணை சொல்கிறது.  ‘எதிர்ப்புச் சக்தி கூட்டும்’ என்ற விளம்பரங்கள் அந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு போகிற வழியாக ஆகிவிடக் கூடாது. சூப் குடிக்கட்டும், மாத்திரையும் சாப்பிடட்டும்.

எச்ஐவி தொடர்பே இல்லாத வாசகருக்கு: காசு கொடுத்து சிடி4 எடுத்துப் பார்க்க வேண்டாம். 620 என்றோ 900 என்றோ வரும் எண் உங்கள் ஆரோக்கியத்தைப் பற்றி எதையும் சொல்லாது. 900 உள்ளவர் 620 உள்ளவரைவிட வலிமையானவர் அல்ல. அடிக்கடி நோய்ப்படுகிறோம் என்ற கவலை இருந்தால் சர்க்கரை அளவு, ஹீமோகுளோபின், வெள்ளை அணுக்களின் வகைவாரி எண்ணிக்கை, வாழ்நாளில் ஒருமுறையாவது எச்ஐவி பரிசோதனை ஆகியவற்றை அரசு மருத்துவமனையிலேயே பார்த்துவிடலாம். நிமோனியா, காதில் சீழ், ஆறாத கொப்புளம் என்று திரும்பத் திரும்ப வரும் குழந்தைக்கு மட்டும் இம்யூனோகுளோபுலின் அளவைப் பார்க்கும்படி குழந்தை மருத்துவர் சொல்லக்கூடும். பிறவியிலேயே எதிர்ப்புக் குறைபாடுள்ள குழந்தைகள் அரிது. ஆனால், அவர்களைக் கண்டுபிடிக்காமல் விட்டால் இழப்பு பெரிது.

சிடி4 பட்டைகளுக்கு இன்று உலகச் சந்தையில் வாங்குவோர் குறைவு, அதனால் செய்வோரும் குறைவு. பல நாடுகள் ‘இனி தேவையில்லை’ என்று ஒதுங்கியதன் விளைவு இது. எச்ஐவி தொற்றாளர்கள் 25 லட்சத்துக்கு மேல் வாழும் நாடு இந்தியா. மலேரியாவுக்கும் கரோனாவுக்கும் பட்டைகளைக் கோடிக்கணக்கில் செய்த தொழிற்சாலைகள் இங்கேயே இருக்கின்றன. காசநோய்க்கு பேட்டரியில் ஓடும் ட்ரூநாட் கருவியைக் கோவா நிறுவனம் ஒன்று செய்து ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரை கொண்டுசேர்த்தது. கொள்முதல் உறுதி என்றால் சிடி4 பட்டையையும் இங்கே செய்ய முடியும். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு அடுத்த கொள்முதல் பட்டியலில் அதைச் சேர்க்கட்டும். அதற்குள், தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் கொல்லிமலை, ஜவ்வாதுமலை, சித்தேரி, பச்சமலை மருத்துவமனைகளுக்கு மட்டுமாவது சில நூறு பட்டைகளை வாங்கிக் கொடுத்துத் தொடங்கலாம். இந்த மலைகளில் எச்ஐவி உறுதியாகும் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டை, மருந்தை நிறுத்திவிட்டுத் திரும்பி வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டை. செலவுக் கணக்கு போட்டுப் பார்த்தால் ஒரு மாவட்டத்தின் பெட்ரோல் செலவுக்குக் கூட வராது.